கருவாட்டுக் களத்தில் நின்ற சாலை

கடலோர வளர்ச்சித் திட்டத்துக்காக ஊர்க்கூட்டம் போட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஒவ்வொரு சங்கத்தின் சார்பாகவும் பேச, கணினியில் ஒரு செயற்கை நுண்ணறிவுக் குரல் இருந்தது. அந்தக் குரல்களே தங்களுக்குள் பேசி முடிவெடுத்துவிடும். அந்த முடிவுப்படி வேலையைத் தொடங்கி வைப்பதுதான் ஒருங்கிணைப்பாளர் இசக்கியம்மாளின் பொறுப்பு.

புதிய சாலை போட இயந்திரத்தோடு வந்தவள், அது போகவேண்டிய வழியில் கருவாடு காயும் களத்தைக் கண்டு நின்றுவிட்டாள். மீனவப் பெண்கள் சங்கத் தலைவி டெல்பின் எதிரே வந்தாள்.

"உங்க சங்கம் சம்மதிச்சிருக்கே, அக்கா."

"சம்மதிச்சது அந்தக் குரலு, மேடம். அது எங்க யாருகிட்டயும் கேக்கலியே."

நிறுத்தினால் வேலை போய்விடுமோ என்று இசக்கியம்மாளுக்குப் பயம். ஆனாலும் இயந்திரத்தை அணைக்கச் சொன்னாள். வேறு வழி உண்டா என்று கேட்க, பக்கத்து உப்பளச் சங்கத் தலைவர் வேதமாணிக்கத்தைக் கையோடு அழைத்து வந்தாள்.

அவர் களத்தைச் சுற்றிப் பார்த்தார். "ரோடு எங்க உப்பளத்துக் கரை வழியாப் போகட்டும். நேர்ல வந்து கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்," என்றார்.

இசக்கியம்மாள் தலைமை அலுவலகத்தை அழைத்து நடந்ததைச் சொன்னாள். மறுமுனையில் அதிகாரி, "ரெண்டு சங்கமும் ஒத்துக்கிட்டா அப்படியே மாத்திடுங்க," என்றார்.

அவள் இயந்திர ஓட்டுநரிடம் புதிய வழியைக் காட்டிவிட்டுக் களத்துக்குத் திரும்பி வந்தாள்.

"உக்காரு தங்கச்சி," என்று டெல்பின் மணலில் இடம் காட்டினாள்.