மொட்டைப் பாறைக்குப் போங்க!

"காமிராவத் தூக்கிட்டு நேரா மொட்டைப் பாறைக்குப் போங்க. விடியக்காலம் ஆறு மணிக்கு உச்சியில நின்னீங்கன்னா, சொர்க்கம் உங்க கால்மாட்டுல கிடக்கும்!"

நூலக மாடியில் கூடியிருந்த புகைப்படக் கழகத்தார் இருபது பேரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். பேசியவர் அவர்களுடைய குரு. பனிக்காலப் படங்களாலேயே பேர் வாங்கியவர் என்பதால் எல்லோருக்கும் அவர் 'மூடுபனி சார்'. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

"சார், பழைய அணைக்குப் பின்னாடி ஒரு ஏரி இருக்காமே?" என்று கேட்டார் பல் டாக்டரம்மா.

"ஐயையோ, அந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்காதீங்கம்மா! சேறு, அட்டை, ஒரே நாத்தம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்" என்று டாக்டரம்மா நோட்டில் 'மொட்டைப் பாறை' என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டுக்கொண்டார். இந்தக் காலத்தில் நல்ல இடத்தை ஒளிக்காமல் சொல்ல யாருக்கு மனசு வரும் என்று பேக்கரிக்காரருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

நன்றாகக் கலங்கட்டும். சொன்னது அத்தனையும் புளுகு. மொட்டைப் பாறையை மூடுபனி சார் கீழே இருந்து அண்ணாந்து பார்த்ததோடு சரி. அவர் முட்டிவலிக்கு அந்த ஏற்றமெல்லாம் ஆகுமா? சொர்க்கம் என்றால் அது அந்த ஏரிதான். நடுத்தண்ணீரில் ஒற்றைப் பட்டமரம், அதைச் சுற்றிப் பனி. கட்டிய மனைவியிடம்கூட மூச்சு விடாமல் மூன்று மாதமாக அந்த இடத்தைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்.

எல்லாம் கழகத்தின் வருடாந்திரக் கோப்பைக்காக. ஆறு வருடம் தொடர்ந்து அவர்தான் வாங்கினார். போன வருடம் டாக்டரம்மா தட்டிக்கொண்டு போய்விட்டார். அதுவும் யாரிடம் காமிரா பிடிக்கக் கற்றுக்கொண்டார்? இவரிடமே! வீட்டு ஷோகேஸில் ஏழாவது கோப்பைக்கு ஒதுக்கி வைத்த இடத்தில் மனைவி கொசுவத்தி டப்பாவை வைத்துவிட்டாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பூனை மாதிரி எழுந்து கிளம்பினார்.

"எங்கங்க?" என்றது போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல்.

"வாக்கிங்."

"வாக்கிங்குக்கு எதுக்கு மூணு லென்ஸு?"

காதில் விழாத மாதிரி வண்டியைக் கிளப்பிவிட்டார்.

ஏரிக்கரையில் ஈ காக்காய் இல்லை. தண்ணீர் ஆடாமல் அசையாமல் கிடந்தது. பட்டமரமும் அதற்குப் பின்னால் மொட்டைப் பாறையும் அதில் தலைகீழாகத் தெரிந்தன. "ஏறுங்க ராசா, மூச்சு வாங்க ஏறுங்க" என்று தனக்குள் சிரித்துக்கொண்டார்.

கரையிலிருந்து கோணம் சரியாக அமையவில்லை. பத்துப் பாக்கெட் வைத்த பேண்ட்டைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டு, மனைவி எடுத்துக் கொடுத்த சிவப்புக் கோடு போட்ட டிரவுசரோடு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். முதல் வெளிச்சம் பனியைத் தொட்ட அந்த நொடியில் சரியாக அமுக்கினார். எடுத்த படத்தைப் பார்த்ததும் அவருக்கே புல்லரித்துப்போயிற்று.

சந்தோஷம் தாங்கவில்லை மனுஷருக்கு. காமிராவைக் கரையில் பத்திரமாக வைத்துவிட்டு, திரும்பவும் தண்ணீரில் குதித்து, இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கி, "கோப்பை எனக்குத்தாண்டா!" என்று கத்தினார். ஒரு சுற்று ஆடியும் பார்த்தார். முட்டிவலிகூட அப்போது ஞாபகம் வரவில்லை.

பரிசளிப்பு நாளன்று மனைவியோடு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார். எங்கே எடுத்தது என்று யாராவது கேட்டால், 'கலைஞனுக்கு எல்லா இடமும் ஒண்ணுதான்' என்று சொல்லிவிடலாம் என்பது வரைக்கும் யோசித்து வைத்திருந்தார். முதல் பரிசுப் படத்தின் மேல் போர்த்தியிருந்த துணியை நடுவர் இழுத்தபோது, பாதி எழுந்தும் விட்டார்.

எழுந்தவர் அப்படியே உட்கார்ந்தார்.

கதவளவு பெரிய படம். உயரத்திலிருந்து எடுத்தது. பனி சூழ்ந்த ஏரி, ஒற்றைப் பட்டமரம், அதன் பக்கத்தில் முழங்கால் தண்ணீரில் இரண்டு கையையும் தூக்கியபடி ஓர் ஆள்.

"என்ன படம்! இயற்கைக்கு முன்னாடி மனுஷன் எல்லாத்தையும் துறந்துட்டு நிக்கிறான் பாருங்க!" என்று நடுவர் உருகிப்போனார்.

டாக்டரம்மா மேடையேறி மைக்கைப் பிடித்தார். "இந்தக் கோப்பை நம்ம மூடுபனி சாருக்குத்தான் சேரணும். மொட்டைப் பாறைக்குப் போங்கன்னு அவர் சொல்லலேன்னா எனக்கு இந்தப் படமே கிடையாது. அவர் சொன்ன மாதிரியே சொர்க்கம் கால்மாட்டுல கிடந்துச்சு!"

அரங்கம் கைதட்டியது. மூடுபனி சாரும் தட்டினார். வேறு வழி?

"படத்துல இருக்கிறது யாரும்மா?" என்று கேட்டார் நடுவர்.

"தெரியலையே சார். முகம் வானத்தைப் பாத்துட்டு இருந்துச்சு."

நடுவர் முதல் வரிசைப் பக்கம் திரும்பினார். "நீங்க ஏரி ஏரியா அலைஞ்சவராச்சே சார். உங்களுக்கு யாருன்னு தெரியுதா?"

மூடுபனி சார் படத்தைப் பார்க்காமலே சொன்னார்: "யாரோ பைத்தியக்காரனா இருக்கும்."

மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி, கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள்:

"ஏங்க, அது நான் எடுத்துக் குடுத்த டிரவுசராச்சே?"