ஒரு நெல் வரி

ஆற்றைக் கடக்க வேண்டியவர்கள் காக்கையிடம் சொல்வார்கள்; அது பறந்துபோய்ப் பக்கத்திலிருக்கும் ஆமையை அனுப்பிவைக்கும். அக்கரையில் இடிந்து கிடந்த படித்துறையைக் கட்டுவதற்காக, காக்கை பிடித்துத் தரும் ஒவ்வொரு சவாரிக்கும் ஒரு நெல் வரி என்று ஊராட்சித் தலைவராக இருந்த ஓணான் அறிவித்தது. மழைக்குள் படித்துறை எழும்பாவிட்டால் தலைவர் பதவி அணிலுக்குப் போய்விடும்.

ஒரு மாதத்தில் சேர்ந்தது மூன்று நெல். அக்கரைச் சந்தையிலோ கூட்டம் நெரிந்தது. விசாரிக்க ஓணானே கிளம்பிக் காக்கையிடம் சொன்னது. ஆமை வந்தது.

"எங்கண்ணே போகணும்?"

"அக்கரைக்கு. வரி ஏய்ப்பு விசாரணை."

"காக்கைகிட்ட வேண்டாம்னு சொல்லிட்டு ஏறுங்க. ஒரு நெல் மிச்சம்."

"எல்லாரும் இப்படித்தான் போறாங்களா?"

"எல்லாரும்தான்."

ஓணான் தலையாட்டியது. ஓணானின் தலையாட்டலைச் சம்மதமாகக் கொள்ளக் கூடாது, அது பிறவிக் குணம் என்பார்கள் விவரமறிந்தவர்கள். ஆனால் அது காக்கையைக் கூப்பிட்டு, "அவசர வேலை வந்துவிட்டது, சவாரி வேண்டாம்" என்றும் சொன்னது.

அக்கரையில் இறங்கியதும் இடுப்புவரை சேற்றில் புதைந்தது. "இந்தப் படித்துறையை யாராவது கட்டித் தொலைக்கக் கூடாதா?" என்று சிடுசிடுத்தது.

"நேத்து அணிலண்ணனும் இதே முதுகிலிருந்து இறங்கி இதையேதான் சொன்னாரு" என்றது ஆமை.