ஈறுக்குள் இறங்கும் கம்பி

மாலை வெயில் ஜன்னலைத் தாண்டி வந்து, பல் மருத்துவ நாற்காலியின் கால்மாட்டில் களைத்துக் கிடக்கிறது. நாற்காலியில் வாயைத் திறந்தபடி தங்கை. அவள்மேல் குனிந்திருப்பவள், இளவயதிலேயே பற்களை ஆட்டங்காண வைக்கும் ஈறுநோயை ஆராயும் அக்கா. புதிய சிகிச்சைக்குப் பின் ஈறு பல்லைப் பற்றியிருக்கிறதா என்பது இன்று தெரிந்துவிடும். இல்லையென்றால் முன்பல்லைப் பிடுங்க வேண்டியதுதான். மில்லிமீட்டர் கோடுகள் பொறித்த மெல்லிய கம்பி பல்லோரமாக இறங்குகிறது; ஈறு பற்றியிருந்தால் சீக்கிரமே நின்றுவிடும். போன முறை நின்ற கோட்டில் நிற்காமல் இன்னும் இறங்குகிறது. ஆழத்தை உரக்கச் சொல்வது இங்கே முறை. அதைப் பதிய உதவியாளரின் விரல்கள் விசைப்பலகைமேல் காத்திருக்கின்றன. "நாலு," என்கிறாள் அக்கா. தங்கை அவள் கையை விலக்கி, ரத்தம் கலந்த எச்சிலைக் கிண்ணத்தில் துப்புகிறாள். "புளுகாதக்கா. எத்தனை தடவ குத்தியிருக்க, ஆழம் எனக்குத் தெரியாதா? பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. உனக்கு முப்பத்திரண்டும் இருக்கறப்பவே போச்சே!" சிரிக்கும்போதும் வாயைக் கையால் மூடிக்கொள்கிறாள். பிறகு மெதுவாக, "ஒரே வயித்துல பொறந்தோம். உனக்கு மட்டும் எப்படிக்கா கல்லாட்டம் இருக்கு?" என்கிறாள். அந்தக் கேள்விக்காகத்தான் இந்த அறையே இருக்கிறது. கிண்ணத்தில் தண்ணீர் சுழன்று செந்நிறத்தைக் கரைக்கிறது. முகக்கவசத்துக்குள் அக்கா பல்லைக் கடித்துக்கொள்கிறாள். ஒரு பல்லும் அசையவில்லை. "ஒன்பதுன்னு மாத்துங்க," என்கிறாள் உதவியாளரிடம்.