பச்சைத் தண்ணீர்

“வெந்நீர் வேணும்னு யார் கேட்டா இப்போ? பச்சைத் தண்ணி போதும்னுதானே...”

“எழுபத்து நாலு வயசு, மார்லே பேஸ்மேக்கர், பச்சைத் தண்ணி போதுமாம்! பாத்ரூம்லே வழுக்கி விழுந்தேள்னா நான் ஒருத்தி...”

“விழுந்தா விழறேன். நீ சித்தே வாயை மூடு.”

சாயங்காலம் நாலு மணி. அந்த மாடுங்கா ஹோட்டலின் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டு இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். யாருக்குப் பதில் சொல்வது என்று தெரியாமல் மேனேஜர் ரமேஷ்குமார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“சார், கீஸர் காலைல ஒம்போது மணி வரைக்கும்தான். கிச்சன்ல ஒரு பக்கெட்டு காய வைக்கச் சொல்லுதேன். பத்து நிமிட் குடுங்க.”

அன்று காலைதான் கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கியிருந்தார்கள். லிஃப்ட் கிடையாது என்று சொன்னபோதுகூட வேங்கடசுப்ரமணியன் தலையை மட்டும் ஆட்டினார். “செம்பூருக்கு எத்தனை நேரம்?” என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“டாக்ஸியில இருவது நிமிட் சார். ஸ்டேஷன் மூணு நிமிட், கோயில் ரெண்டு நிமிட். இத மாதிரி எடம் பம்பாயிலயே கெடையாது,” என்று ரமேஷ்குமார் பெருமையாகச் சொன்னான். பெட்டியை அறையில் வைத்துவிட்டு உடனே கிளம்பிப் போனவர்கள், இப்போதுதான் திரும்பியிருந்தார்கள்.

சாவியை நீட்டினான். அவர் கை நீட்டவில்லை.

“மேஜை மேலே வை.”

பெரியவர் நல்ல கோபத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டான்.

“நீயே கேளுப்பா நியாயத்தை,” என்று ஷ்யாமளா அவனிடம் திரும்பினாள். “செம்பூர்லே பிள்ளை வாங்கின வீடு. மூணு பெட்ரூம். மாட்டுப்பொண் ஜெபா வாசல் வரைக்கும் ஓடி வந்து, ‘இங்கேயே இருங்க மாமா’ன்னு அழறா. காதுலேயே வாங்கிக்காம லாட்ஜைப் பார்க்க ஓடி வந்திருக்கார். நான் அங்கேதானே குளிச்சேன்? அவ துண்டாலேதானே துவட்டிண்டேன்? என்ன குறைஞ்சு போச்சு எனக்கு?”

“அந்த வீட்டிலே பச்சைத் தண்ணிகூடத் தொடமாட்டேன்னு சொன்னவன் நான்,” என்றார் அவர். “இன்னிக்கு எந்த மூஞ்சியை வெச்சுண்டு அங்கே ஒரு சொம்பு மொண்டு விட்டுப்பேன்?”

“அது மட்டுமா சொன்னேள்? வேற ஜாதி, வேற மதம்னு குதிச்சேளே! ‘பத்ரியைத் தலைமுழுகிட்டேன், எனக்குப் பிள்ளையே இல்லை’ன்னு ஹால்லே நின்னு கத்தலை? பக்கத்து ஃப்ளாட்காராள்ளாம் கதவைத் திறந்து பார்த்தா. அதோட இந்த ஊரையே காலி பண்ணிண்டு போனேள். ஒம்பது வருஷம்! ஒரு போன் உண்டா?”

ரமேஷ்குமாருக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரிந்ததும் முகம் மலர்ந்தது. இது அவனுக்குத் தெரிந்த கதை.

“டென்ஷன் நை லேனே கா, கவலப்படாதிய மாமி. நான் மராட்டிப் புள்ளையக் கெட்டுனப்ப எங்கப்பாவும் தாராவி சந்துல நின்னு, தலமுழுகிட்டேன்னுதான் சொன்னாவ. மகன் பொறந்த அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல மொத ஆளா யாரு நின்னான்னு நெனைக்கிய? அவியதான். கையில பலூன் வேற! சார், ஒங்களுக்குப் பேரப் புள்ளைக இருக்கா?”

“பேத்தி. ஏழு வயசு,” என்றாள் ஷ்யாமளா. “இவர் மூக்கு அப்படியே. இன்னிக்குத்தான் முதல் தரமாப் பார்த்தோம். இவரைப் பார்த்து, ‘ஆப் கோன்?’னு கேட்டுது. யாருன்னு சொல்லத் தெரியலை இவருக்கு. முப்பது வருஷம் பம்பாய் ஆபீஸ்லே ஹிந்தி பேசினவர், முழிச்சுண்டு நிக்கறார்.”

“அரே, பொறவு என்ன சார்! பேத்தியப் பாத்தாச்சுல்லா, பாதிக் கோவம் போயிருக்குமே. கெளம்பும்போது, போயிட்டு வாரேன்னு சொல்லிக்கிட்டாவது வந்தியளா?”

“சொல்லிக்கலை.”

“அதான் சார் தப்பு. ஒரு வார்த்த...”

“சொல்லிக்கப்படாது,” என்றார் அவர்.

ரமேஷ்குமார் மாமியைப் பார்த்தான். இந்தப் பிடிவாதத்தோடு எப்படித்தான் காலம் தள்ளினீர்கள் என்கிற பார்வை. மேஜையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தான்.

“சார், மகன் மாதிரி சொல்லுதேன். சூடா ஒரு குளியலப் போடுங்க. ஒரு காப்பி குடிங்க. நானே டாக்ஸி புடிச்சுத் தாரேன். இருவது நிமிட்தான். போயி அவரு கையப் புடிச்சு ரெண்டு வார்த்த பேசிட்டு வாங்க. தலமுழுகுனேன்னா என்ன சார், அது கோவத்துல வாயில வந்த பேச்சு. அதையெல்லாம் யாரு மனசுல வச்சிருக்கா?”

பெரியவர் அவனையே பார்த்தார். சாவியை எடுக்காமலே மாடிப்படியின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“பக்கெட்டு இப்ப வந்துரும் சார், ரெண்டே நிமிட்...”

“வேண்டாம்ப்பா,” என்றாள் ஷ்யாமளா. இத்தனை நேரம் சண்டை போட்ட குரல் இல்லை அது. “பச்சைத் தண்ணிலேயே குளிக்கட்டும்.”

சாவியை அவளே எடுத்துக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினாள்.

“உயிரோட இருந்த பிள்ளைக்கு அன்னிக்கே தலைமுழுகிட்டேள். போங்கோ, இன்னிக்கு நிஜமா முழுகிட்டு வாங்கோ.”