நாற்பது சதவீதம் பனி

“பனி எங்கேடா?” என்று அப்பா என்னைக் கேட்டார், ஏதோ நான் எடுத்து ஒளித்துவைத்த மாதிரி.

வெளியே மழை. சனிக்கிழமை காலை, எங்கள் எடிசன் ஊர் முழுக்க நசநசவென்று மழை. பேருக்குக்கூட வெள்ளையாக ஒன்றும் விழவில்லை. ஹாலில் பனியை அள்ளப் புதுசாக வாங்கிய இரண்டு ஷவல், அதைக் கரைக்க ஒரு மூட்டை உப்பு.

“ஒரு அடி பனின்னு சொன்னாரே அந்த வாஞ்சிநாதன். அவர் பேச்சை நம்பி ரிச்சர்ட்சன்காராளை வர வேண்டாம்னுட்டேனே. இன்னிக்கு ஃப்ளைட் எல்லாம் ஜோரா வந்து இறங்கறதாம்.”

ரிச்சர்ட்சன்காரர்கள் என்றால் அக்கா ருக்மிணியைப் பெண் பார்க்க டெக்சஸிலிருந்து வர இருந்தவர்கள். பையன் டெலிபோன் கம்பெனியில் எஞ்சினியர்.

வாஞ்சிநாதன் அங்கிள் விமானங்களுக்கு வானிலை சொல்லும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். புயல் கரையை ஒட்டி வந்தால் மழை, ஐம்பது மைல் தள்ளிப் போனால் பனி, இன்னும் தள்ளிப் போனால் ஒன்றுமே இல்லை என்பார். வரும், வராது என்று ஒரு வார்த்தையில் சொல்லவே மாட்டார். எல்லாம் சதவீதம்தான். ஆளுக்கு ஒன்றாகச் சமைத்துக் கொண்டுவரும் பொங்கல் பாட்லக்கில் யாராவது சாம்பாரை நீட்டி, “உப்பு சரியா இருக்கா, இல்லே அறுபது சதவீதமா?” என்று அவரை வம்புக்கு இழுப்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே சாப்பிடுவார்.

அப்படிப்பட்டவர் வியாழக்கிழமை அப்பா போன் பண்ணியபோது பளிச்சென்று சொல்லிவிட்டார். “ஒரு அடி பனி, ராமசுப்ரமணியன். ஏர்போர்ட்டை மூடிடுவான். வர வேண்டாம்னு சொல்லிடுங்கோ.”

மனுஷன் முதல் தடவையாக உறுதியாகச் சொன்னார். அதுவும் புஸ்.

அக்கா கோட்டை மாட்டிக்கொண்டு, கையில் நாலு பென்சிலோடு வந்தாள். “அப்பா, அவாதான் வரலையே. நான் போய் லா ஸ்கூல் என்ட்ரன்ஸ் டெஸ்ட் எழுதிட்டு வந்துடறேன்.”

இதே டெஸ்டுக்காக ஒரு வாரம் வீட்டில் சண்டை. இதை விட்டால் அவளுக்கு ஒரு வருஷம் போய்விடும். “டெஸ்ட் அடுத்த வருஷமும் வரும், இப்படி ஒரு பையன் வருவானா?” என்று அப்பா முடித்துவைத்திருந்தார். இப்போது அவர் டெக்சஸுக்கு மன்னிப்புக் கேட்க டயல் பண்ணிக்கொண்டிருந்தார். “போ, எதையாவது பண்ணு” என்று கையை வீசினார்.

அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

“இவளை டெஸ்டுக்கு இறக்கி விட்டுட்டு, இந்த ஷவல் ரெண்டையும் கொண்டுபோய் வாஞ்சிநாதன் வாசல்ல போடு. இனிமே எங்க வீட்ல ஒருத்தரும் உங்க பேச்சை நம்ப மாட்டோம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வா. காலேஜுக்குத்தான் போக மாட்டேன்னுட்டே. வெடுக்குன்னு பேச வருதே, அதுக்காவது உபயோகப்படு.”

நியாயம்தான். நான் ஹைஸ்கூலோடு நிறுத்திவிட்டு, காருக்குப் பெட்ரோல் போடும் கேஸ் ஸ்டேஷனில் வேலை பார்க்கிறேன். மனசில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவேன். சொல்வதற்குத் தயாராகவே போனேன்.

அங்கிள் கதவைத் திறந்தார். ஷவலைப் பார்க்கவே இல்லை.

“ருக்மிணியை டைமுக்கு விட்டுட்டியா?”

எனக்குப் புரியவில்லை. “டெஸ்ட் பத்தி உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“புதன்கிழமை வந்தாளே. பனி பெய்தா டெஸ்டை கேன்சல் பண்ணிடுவாளா, அங்கிள்னு கேட்டா. கவலைப்படாதே, மழையாத்தான் இருக்கும்னேன். அப்போ ஃப்ளைட்டும் வந்துடும், நான் டெஸ்டுக்குப் போக முடியாதுன்னு இந்த சோபாவில உட்கார்ந்து அழுதா. மறுநாள் உங்கப்பா போன் பண்ணினார்.”

“அப்போ மழைன்னு தெரிஞ்சேதான் பனின்னு சொன்னேளா?”

“மழைன்னு அறுபது சதவீதம்தான் தெரியும்.”

“மீதி நாற்பது?”

“அதைத்தான் உங்கப்பாகிட்ட சொன்னேன்.”

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். “பனி நிஜமாவே கொட்டியிருந்தா?”

“டெஸ்டும் போயிருக்கும். ஆனா சரியாச் சொன்னார்னு ஊரே என்னைக் கொண்டாடியிருக்கும்.” மழையைப் பார்த்தார். “காலைல ஜன்னலைத் திறக்கவே பயந்தேன்டா.”

உள்ளே போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. “கார்த்தாலேருந்து இப்படித்தான். ‘பனி வந்துடுத்தா அங்கிள்’னு ஒவ்வொருத்தரா கேட்டுட்டு வெச்சுடறா. இந்தக் கேலி அடுத்த பொங்கல் வரைக்கும் தாங்கும்.”

அப்புறம் என் கையைப் பார்த்தார். “உங்கப்பா வெறும் ஷவலை மட்டும் அனுப்பியிருக்க மாட்டாரே. என்ன சொல்லச் சொன்னார்? சொல்லு.”

நான் இரண்டு ஷவலையும் திரும்பக் கார் டிரங்க்கில் போட்டேன்.

“மத்தியானம் அக்காவைக் கூட்டிண்டு வரப் போகணும். அப்போ ரோடு எப்படி இருக்கும், அங்கிள்?” என்று கேட்டேன்.