ஒரு வாய் காப்பி

கல்யாணமாகி வந்த முதல் நாளே டம்ளரில் வாய் வைத்துக் குடித்து, மாமியார் சிவகாமியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் தேன்மொழி. அந்த வீட்டில் எல்லாரும் அண்ணாந்துதான் குடிக்க வேண்டும்.

இப்போது சிவகாமியின் உடம்பில் இருப்பது மருமகள் கொடுத்த சிறுநீரகம். உடம்பு அதை வெளியாளென்று விரட்டாமலிருக்க இந்தக் காலத்து வைத்தியத்தில் முன்போல மாத்திரைகள் கிடையாது. கொடுத்தவரின் எச்சில்தான் மருந்து. தினமும் தேன்மொழி ஒரு வாய் குடித்துக் கொடுக்கும் காப்பியை, சிவகாமி கண்ணை இறுக மூடிக்கொண்டு குடிப்பாள்.

நேற்று டாக்டர், "உடம்பு ஏத்துக்கிட்டுது, இனிமே எச்சில் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

அத்தைக்கு விடுதலை என்று நினைத்தபடி, தேன்மொழி இன்று வாய் வைக்காத காப்பியை நீட்டினாள். சிவகாமி வாங்கவில்லை.

"ஏட்டி, சீனி சரியா இருக்கான்னு நீ பாக்காம நான் எப்படிக் குடிக்க?"