நாலு முடிச்சு

பக்கத்தில் துணி கிழிகிற சத்தம் கேட்டது.

அவள் நிமிரவில்லை. கையிலிருந்த சட்டையின் கழுத்தில் நூல் வெட்டும் டிரிம்மரின் நுனியை விட்டாள். இரண்டு இழுப்பு. லேபிள் கழன்று வந்துவிட்டது. யாரோ அரைத் தூக்கத்தில் தைத்தது. புண்ணியவதி நன்றாக இருக்கட்டும்.

“ரெண்டாச்சு” என்றான் சூப்பர்வைசர் சென்னியப்பன்.

துளசிமணி ஓட்டை விழுந்த சட்டையைத் தனியே வைத்தாள்.

எல்லாம் சிவப்புச் சட்டைகள். குழந்தைகள் அளவு. நெஞ்சில் கொம்பு வைத்த மான் ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. கிறிஸ்துமஸுக்கு அமெரிக்காவில் இருக்க வேண்டியவை. தூத்துக்குடி வரைக்கும் போய், கப்பல் ஏறாமல் திருப்பூருக்கே திரும்பி வந்தன.

அங்கே வரியை ஏற்றிவிட்டார்கள். நூறு ரூபாய்ச் சட்டைக்கு ஐம்பது ரூபாய் வரி. வாங்குகிறவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

வேண்டாம் என்றதோடு விட்டானா? உள்ளூரில் விற்றால் அவன் பெயர் தெரியக் கூடாதாம். சரக்கு காதர்பேட்டைக் கடைகளுக்குப் போகும் முன் ஒவ்வொரு கழுத்திலும் லேபிளைப் பிரித்தாக வேண்டும்.

தைத்தவர்களே பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

காலையில் சென்னியப்பன் சொன்னதில் ஒளிவுமறைவு இல்லை. மேஜையில் பத்துப் பேர். பொங்கல் வரை ஓடுகிற உள்ளூர் ஆர்டர் ஒன்று இருக்கிறது. அதற்கு நாலு பேர் போதும். ஓட்டை விழாமல் பிரிக்கிறவர்கள் இருக்கலாம். மூன்று ஓட்டை விழுந்தால் வீட்டுக்குப் போகலாம்.

அவளுக்கு ஒன்றுகூட விழவில்லை.

கை சுத்தம் என்று அவளே நினைத்துக்கொண்டிருந்தாள். துளசிமணியின் பெட்டியை எட்டிப் பார்க்கும் வரை.

அதிலிருந்த சட்டைகளில் லேபிளின் இரண்டு முனையிலும் நூல் தடித்திருந்தது.

அது அவளே தைத்தது.

முனையில் தையலை முன்னும் பின்னும் இரண்டு முறை ஓட்டினால் போதும். எல்லோரும் இரண்டுதான் ஓட்டுவார்கள். அவள் நாலு. வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒரே ஒரு லேபிள் கழன்று, அதற்காக ஒரு பெட்டி முழுக்கத் திரும்பி வந்தது. அன்று வாங்கிய வசவு காலில் இறங்கிவிட்டது. பெடலை மிதித்தால் நாலுதான்.

துளசிமணிக்குப் பக்கத்து மெஷின். ஆறு வருடக் கேலி அது.

“ஏம்புள்ள, தாலிக்கே மூணு முடிச்சுதான். உம்பட லேபிளுக்கு நாலா?”

சென்னியப்பனே புதிதாக வருகிற பெண்களிடம் அவள் தையலை எடுத்துக் காட்டியிருக்கிறான். இப்படித் தைக்க வேண்டும் என்று.

இப்போது ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தான்.

“ஆரம்மிணி இவ்வளவு கெட்டியாத் தச்சு வெச்சது?”

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். எய்தவன் கடல் தாண்டி இருந்தால் வேறு யாரைத்தான் நோவது.

“தெரியலீங்க” என்றாள் துளசிமணி.

அவள் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

இரண்டு பெட்டிக்கும் நடுவே ஒரு கை தூரம். மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாதிப் பெட்டியையாவது தன் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். ஆனால் தன் தையலைத் தன்னால் பிரிக்க முடியுமா என்று அவளுக்கே தெரியாது. தைத்துத்தான் பழக்கம்.

பேக்கிங்கில் இருந்த அவள் வீட்டுக்காரரைத் திங்கட்கிழமையே அனுப்பிவிட்டார்கள். வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

துளசிமணிக்கு வீட்டுக்காரர் என்று யாரும் இல்லை. ஒரு பெண். நர்சிங் இரண்டாம் வருடம்.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

தன் பெட்டியிலிருந்து அடுத்த சட்டையை எடுத்தாள். இரண்டு இழுப்பு. கழன்று வந்தது.

அடுத்தது. அதுவும் வந்தது.

பக்கத்தில் துளசிமணி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு இழையாகத் தூக்குவது தெரிந்தது. நெற்றி வியர்வை சட்டையில் சொட்டாமல் இருக்கத் தோளில் துடைத்துக்கொண்டாள். ஒரு சட்டை நல்லபடியாக வந்தது. இன்னொன்றும் வந்தது.

அவள் கும்பிடாத சாமி இல்லை. துளசிமணிக்காகத்தான் கும்பிட்டாள். வாயைத் திறக்காமல் கும்பிட்டாள்.

மறுபடியும் அந்தச் சத்தம் கேட்டது.

இந்த முறை சென்னியப்பன் எண்ணவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். அவனுக்கும் மனசில் ஏதோ இருந்திருக்கும்.

துளசிமணி எழுந்தாள். மடியில் கிடந்த நூல் பிசிறுகளைத் தட்டினாள். டிபன் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

பிறகு தன் டிரிம்மரை அவள் முன்னால் வைத்தாள்.

“உன்னுது மொண்ணையாப் போச்சு. இத வெச்சுக்க.”

அவள் தலையைத் தூக்கவில்லை.

“அந்தப் பொட்டி பூராவும் நீ தச்சதுதான் புள்ள. பாத்துப் பிரி.”

செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. பிறகு படியிறங்கும் சத்தம்.

சென்னியப்பன் திரும்பி வந்தான். துளசிமணியின் பெட்டியைக் காலால் தள்ளினான். அது தரையில் உரசிக்கொண்டு வந்து அவள் முழங்காலில் இடித்து நின்றது.

முதல் சட்டையை எடுத்தாள். கழுத்தைத் திருப்பினாள்.

நாலு முடிச்சு.

துளசிமணியின் டிரிம்மரின் நுனியை அடியில் விட்டு மெல்லத் தூக்கிப் பார்த்தாள்.

அசையவில்லை. நன்றாகத்தான் தைத்திருந்தாள்.

சென்னியப்பன் பின்னால் வந்து நின்றான்.